டாயி சௌ என்றால் இருநூற்றைம்பது

டெல்லிக்கு வேலைக்கு வரப்போகிற ஊர்ப் பையன்கள் போன் பண்ணினால் முதலில் கேட்பது, "இந்தி தெரியாம சமாளிச்சிரலாமாண்ணே?" என்பதுதான். சமாளிக்கலாம். நான் வந்து இறங்கியபோது எனக்குத் தெரிந்த இந்தி ஏக், தோ, தீன், பானி, கித்னா என்றால் எவ்வளவு, சௌ என்றால் நூறு, அவ்வளவுதான். முதல் நாள் என்னைக் கவிழ்த்தது அந்த மொழியில் இருக்கிற அரையும் காலும். அதுபோக என்னுடைய அவசரம். ஒரே நாளில் குடியேறி முடித்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வந்து ஒரே நாளில் இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாயைத் தொலைத்த கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

2019 ஜனவரி. பொங்கல் முடிந்து சாத்தூரில் பஸ் ஏறி, மறுநாள் இரவு பத்து மணிக்கு சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், ஸ்லீப்பர் கோச். இரண்டு ராத்திரி, நடுவில் ஒரு முழுப்பகல். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் இறங்குகிறோம், திங்கட்கிழமை வேலையில் சேர்கிறோம், நடுவில் ஒரு பகல் இருக்கிறது, அதற்குள் அறை பார்த்துவிடலாம் என்பது என் திட்டம். ஸ்லீப்பரில் போர்வை தரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நான் கொண்டுபோனது அம்மா கொடுத்த ஒரு கைத்தறிப் போர்வையும் ஒரு ஸ்வெட்டரும். நாக்பூர் வரைக்கும் அதுவே அதிகம். போபால் தாண்டி நடுராத்திரியானதும் ஜன்னல் ஷட்டர் வழியாகக் காற்று ஊசி மாதிரி இறங்கியது பாருங்கள், காலை மடக்கி வயிற்றோடு சேர்த்து உட்கார்ந்துகொண்டேன்.

எதிர் பெர்த்தில் விழுப்புரம் பக்கத்து அக்கா ஒருவர். ஜங்புராவில் வீட்டுவேலை செய்கிறவர், டெல்லிக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். என்னைப் பார்த்துவிட்டு எழுந்து, பழைய பேப்பரைக் கிழித்து நீளமாக மடித்து ஷட்டர் இடுக்கில் எல்லாம் கத்தி மாதிரி சொருகினார். பிறகு இன்னும் இரண்டு தாளை என்னிடம் நீட்டி, "சொட்டருக்குள்ள நெஞ்சுல வச்சுக்க தம்பி" என்றார். வைத்துக்கொண்டேன். சிரிப்பாக இருக்கும், ஆனால் உண்மையிலேயே குளிர் குறைகிறது. டிசம்பர், ஜனவரியில் ஸ்லீப்பரில் வருகிறவர்கள் இதை மறக்கவேண்டாம். முடிந்தால் ஒரு கம்பளியைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினால் பிரயோசனமில்லை.

அவர் சொன்ன இன்னொன்று: "நியூடெல்லில எறங்கி பதினாறாம் பிளாட்பாரம் இருக்குல்ல, அந்தப் பக்கமா வெளிய வா. அது அஜ்மீரி கேட். மெட்ரோ அங்கதான் இருக்கு. ஒண்ணாம் பிளாட்பாரம் பக்கம் போயிராத, அது பஹாட்கஞ்ச், புது ஆளுன்னு தெரிஞ்சா தூக்கிட்டுப் போயிருவானுங்க."

தலையை ஆட்டினேன். ஆனால் ஆக்ராவுக்கு அப்புறம் பனிமூட்டத்தில் வண்டி நின்று நின்று ஊர்ந்து, காலையில் போய்ச் சேரவேண்டியது பகல் பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தது. (அந்த மாதங்களில் இது வாடிக்கை. இறங்கிய அன்றே நேர்முகத் தேர்வு, பரீட்சை என்று எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.) பசி வேறு. அக்காவைக் கூட்டிப்போக அவர் மகன் வந்திருந்தான். நான் பெட்டியும் பையுமாகப் படியேறி, கூட்டம் எந்தப் பக்கம் இழுத்ததோ அந்தப் பக்கம் போய் இறங்கினால், பஹாட்கஞ்ச்.

வெளியே கால் வைத்த அரை நிமிஷத்தில் கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு ஆள் வந்துவிட்டான். ஆங்கிலம் பேசினான். எங்கே போகணும், முனிர்காவா (தெற்கு டெல்லியில் நான் போகவேண்டிய இடம்), மெட்ரோ இன்றைக்கு மூடியிருக்கிறதே, குடியரசு தின அணிவகுப்பு ஒத்திகை நடக்கிறது என்றான். இதில் கெட்டிக்காரத்தனம் என்னவென்றால் பொய் முழுப்பொய் இல்லை. அந்த வாரத்தில் ஒத்திகை நடப்பதும், அதற்காகச் சாலைகளை அடைப்பதும், சில மெட்ரோ ஸ்டேஷன்களைச் சில மணிநேரம் மூடுவதும் உண்மைதான். அன்றைக்கு மூடவில்லை, அவ்வளவுதான். டிவியில் பார்த்திருக்கிறேனே, இருக்கும் என்று நம்பிவிட்டேன். வருஷம் முழுக்க இதே கதைதான், காரணம் மட்டும் மாறும்: ஊர்வலம், பந்த், கலாட்டா, நீங்கள் பதிவு செய்த ஓட்டலே தீப்பிடித்துவிட்டது என்றுகூடச் சொல்வார்கள். ஸ்டேஷன் வாசலில் தானாக வந்து உதவுகிறவரிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் நடந்துகொண்டே இருங்கள். மரியாதைக் குறைவு என்று நினைக்கவேண்டாம். நின்றால் போச்சு.

அவன் ஒரு ஆட்டோவில் கொண்டுபோய் விட்டான். டிரைவர் பெரியவர், தாடி, மப்ளர் சுற்றியிருந்தார். கித்னா என்றேன். அவர் "டாயி சௌ" என்றார். என் காதில் விழுந்தது சௌ. நூறு ரூபாய், பரவாயில்லையே என்று ஏறிவிட்டேன்.

முனிர்காவில் இறங்கி நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "டாயி சௌ" என்றார் மறுபடி. நானும் "ஹாங், சௌ" என்றேன். அவர் இரண்டு விரலைக் காட்டி, மூன்றாவது விரலைப் பாதி மடக்கிக் காட்டினார். நான் அதைத் திட்டு என்று நினைத்துக்கொண்டேன்! கடைசியில் பக்கத்து மளிகைக் கடைக்காரர் வந்து "டூ ஃபிப்டி, டூ ஃபிப்டி" என்று சொன்ன பிறகுதான் விளங்கியது. கொடுத்தேன். அவர் ஏமாற்றினார் என்று சொல்லமாட்டேன், முதலிலேயே சொல்லித்தான் ஏற்றினார். மீட்டர் போட்டிருந்தால் அன்றைய கணக்குக்கு நூற்றிருபது, நூற்றுமுப்பதுக்குள் முடிந்திருக்கும், அது வேறு விஷயம்.

இந்த எண் விவகாரத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் முப்பது நாளில் இந்தி சொல்லித்தருகிறவர்கள் ஏக்கிலிருந்து சௌ வரைக்கும் மனப்பாடம் பண்ணவைத்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள், கடைத்தெருவில் ஓடுவதோ இதுதான். டேட் என்றால் ஒன்றரை. ஆகவே டேட் சௌ நூற்றைம்பது. டாயி என்றால் இரண்டரை, டாயி சௌ இருநூற்றைம்பது. மூன்றிலிருந்து மேலே சாடே என்று முன்னால் போட்டால் அரை கூடும்: சாடே தீன் சௌ முந்நூற்றைம்பது, சாடே சார் சௌ நானூற்றைம்பது. சவா என்றால் கால் கூடுதல், சவா சௌ நூற்றிருபத்தைந்து. கடைசியில் ஒரு வில்லன் இருக்கிறான், பௌனே. பௌனே என்றால் கால் குறைவு. பௌனே தோ சௌ என்றால் நூற்றெழுபத்தைந்து. நாம் ஒன்பதே முக்கால் என்று ஒன்பதில் நின்றுகொண்டு முன்னால் எண்ணுகிறோம், அவர்கள் பௌனே தஸ் என்று பத்தில் நின்றுகொண்டு பின்னால் எண்ணுகிறார்கள். காதில் தஸ் மட்டும் விழுந்தால் கால் மணி நேரம் தாமதமாகப் போய் நிற்பீர்கள். ரயிலில் இரண்டு ராத்திரி சும்மாதானே உட்கார்ந்திருக்கிறீர்கள், இந்த ஐந்து வார்த்தையைப் பழகிக்கொண்டு வாருங்கள். கூடவே கல் என்ற வார்த்தையையும். நேற்றும் கல்தான், நாளையும் கல்தான். பிளம்பர் கல் வருவார் என்று வீட்டுக்காரர் சொன்னால் நாளைக்கா, நேற்றே வந்துவிட்டுப் போனாரா என்பது வினைச்சொல்லைக் கேட்டால்தான் தெரியும்.

ஆட்டோ பற்றி இன்னும் ஒரு வார்த்தை. 2023 ஜனவரியில் மாற்றிய கட்டணப்படி முதல் 1.5 கிலோமீட்டருக்கு 30 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 11 ரூபாய். வாயால் பெருக்கிப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள். போக்குவரத்து போலீஸ் நடத்துகிற ப்ரீபெய்டு ஆட்டோ சாவடி ஸ்டேஷனிலேயே உண்டு. ஆனால் என் ஓட்டு மெட்ரோவுக்குத்தான். அஜ்மீரி கேட் பக்கம் இறங்கி மஞ்சள் லைனில் ஹௌஸ் காஸ் வரை, அங்கே மாறி மெஜந்தா லைனில் முனிர்கா. தெற்கு டெல்லிக்கு வருகிற நம் ஆட்களில் பாதிப்பேருக்கு இந்தப் பாதை போதும். 2025 ஆகஸ்டில் கட்டணத்தை ஏற்றிய பிறகும் குறைந்தது 11 ரூபாய், அதிகபட்சமே 64 ரூபாய்தான். 25 கிலோ வரை பை கொண்டுபோகலாம், எக்ஸ்ரே மெஷினில் போட்டு எடுக்கவேண்டும். அரிவாள்மனை, தேங்காய் துருவி எல்லாம் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தால் அங்கே நின்று விளக்கம் சொல்லவேண்டியிருக்கும். வண்டி போகிற திசையில் முதல் பெட்டி பெண்களுக்கு. புது ஆட்கள் ஓடிப்போய் முதலில் ஏறுவது அந்தப் பெட்டியில்தான்.

முனிர்காவில் எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் இருந்தார், ஆஸ்பத்திரி லேப்பில் வேலை, அன்றைக்கு டூட்டி. சாவியைக் கீழே மளிகைக் கடையில் கொடுத்துவைத்திருந்தார். அறைக்குப் போய்ப் பெட்டியை வைத்துவிட்டுப் பேசாமல் படுத்திருக்கலாம். விதி யாரை விட்டது. ராஜ்மா சாவல் சாப்பிட்டுவிட்டு (நல்ல சாப்பாடு, சோறு கிடைக்காது என்று பயமுறுத்துகிறவர்களை நம்பாதீர்கள்) டீக்கடையில் நிற்கும்போது ஒருத்தர் வந்து ரூம் வேண்டுமா என்றார். புரோக்கர். பத்தே நிமிஷத்தில் நான்காவது மாடியில் ஓர் அறைக்குள் நின்றேன்.

முனிர்கா கிராமம் என்று பெயர்தான் கிராமம். சந்து ஒரு ஆள் அகலம், இந்த வீட்டுப் பால்கனியில் நின்று எதிர்வீட்டுப் பால்கனிக்காரரிடம் சீப்பு வாங்கலாம், தலைக்கு மேலே கரண்டுக் கம்பிகள் தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி. அறையில் புதுச் சுண்ணாம்பு வாசனை. வாடகை எட்டாயிரம். இன்னும் இரண்டு பேர் பார்க்க வருகிறார்கள், இப்போதே டோக்கன் கொடுத்தால் உங்களுக்கு என்றார். இரண்டாயிரம் கொடுத்தேன். ரசீது கிடையாது. என் பர்ஸில் அதற்கு அப்புறம் ஆயிரத்து நூறு இருந்தது.

ராத்திரி எட்டு மணிக்கு அண்ணன் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ஜன்னல் இருந்துச்சாடா?" என்றார்.

ஜன்னல் இருந்ததா என்று எனக்கு ஞாபகம் வரவில்லை.

டார்ச் எடுத்துக்கொண்டு கூட்டிப்போனார். ஜன்னல் இருந்தது, திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். புதுச் சுண்ணாம்பு அடித்திருந்த இடத்தில் அண்ணன் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார், சுண்ணாம்பு ஈரமாக உதிர்ந்து கீழே கறுப்பாகப் பூஞ்சை தெரிந்தது. சீலன் என்பார்கள் இங்கே, சுவர் கசிவு. வாடகைக்கு விடுவதற்கு முன்னால் சுண்ணாம்பை அப்பி மறைப்பது பழைய வித்தையாம். குளியலறையில் கீசருக்கு இடம் இருந்தது, கீசர் இல்லை. கரண்டு சப்மீட்டர், யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வீட்டுக்காரருக்கு. டேங்க் ஒன்று, அறைகள் பன்னிரண்டு. புரோக்கருக்குப் போன் போட்டு வேண்டாம் என்றோம். டோக்கன் திரும்ப வராது என்று அவர் சொன்ன வேகத்தைப் பார்த்தால் இதைத் தினமும் சொல்கிறவர் மாதிரி இருந்தது.

அன்றைக்கு அண்ணன் சொன்ன விதியை நான் இன்றைக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன்: வந்த அன்று அறை பேசாதே, ஒரு வாரம் தெரிந்தவர் வீட்டிலோ மலிவான பி.ஜி.யிலோ இரு, பிடித்த அறையை இரண்டு தடவை பார், ஒன்று விடிகாலை தண்ணீர் விடுகிற நேரத்தில், இன்னொன்று ராத்திரி ஒன்பது மணிக்கு மேல். பகலில் பார்த்தால் எல்லா அறையும் நல்ல அறைதான். குளிர்காலத்தில் வெயில் விழுகிற அறைக்கு ஐந்நூறு கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை. பதினோரு மாத ஒப்பந்தம், ஆதார் நகல் நாலைந்து, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒரு டஜன். வாடகைக்கு வருகிறவரைப் பற்றி போலீசில் பதிவு பண்ணவேண்டும், அதை வீட்டுக்காரர் தட்டிக்கழித்தால் நாமே ஞாபகப்படுத்துவது நமக்குத்தான் நல்லது.

"சரி, போனது போச்சு. மொதல்ல ரஜாய் வாங்குவோம், அப்புறம் அழு" என்று கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். ரஜாய் என்றால் பஞ்சு மெத்தையை மேலே போர்த்திக்கொள்வது மாதிரி. கடைக்காரர் பஞ்சைத் தராசில் வைத்து எடை போட்டார். இரண்டு கிலோ போதும் என்றேன். அண்ணனும் கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார்கள். மூன்று கிலோ, எழுநூறு ரூபாய், முதல் நாளில் நான் உருப்படியாகச் செலவழித்த ஒரே காசு. ஜனவரி ராத்திரியில் இங்கே ஐந்து, ஆறு டிகிரிக்கு இறங்கும். சாத்தூர்க்காரனுக்கு இருபதே குளிர். அம்மா கொடுத்த தேங்காயெண்ணெய் பாட்டில் பெட்டிக்குள்ளேயே கல்லாகியிருந்தது, தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழவில்லை. அதை ரஜாய்க்குள் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டு, காலையில் தேய்த்துக்கொள் என்றார் அண்ணன். இட்லி மாவுப் பாத்திரத்துக்கும் அதே வைத்தியம்தான்.

சூடு விஷயத்தில் விளையாடாதீர்கள். கரி அள்ளிப் போடுகிற அங்கீட்டியைக் கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் வைத்துத் தூங்கினால் புகையே தெரியாமல் கார்பன் மோனாக்சைடு ஆளை முடித்துவிடும். ஒவ்வொரு குளிர்காலமும் அப்படிச் சாகிறவர்கள் இருக்கிறார்கள். வெந்நீருக்கு ராடு போட்டால் பிளாஸ்டிக் வாளியில் போட்டு, சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகு கையை விடுங்கள். சூடாகிவிட்டதா என்று நடுவில் விரலை விட்டுப் பார்க்கிற பழக்கம் நம் ஆட்களுக்கு உண்டு.

படுக்கப் போகும்போது மளிகைக் கடைக்காரரிடம் தண்ணீர் எப்போது என்று கேட்டேன். பௌனே சே என்றார். பாடம் இன்னும் மண்டையில் ஏறவில்லை, சே என்றால் ஆறு என்று ஆறேகாலுக்கு வாளியோடு போனேன். குழாய் புஸ் என்றது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் குளிக்காமல்தான் போனேன், யாருக்கும் தெரியவில்லை, அந்தக் குளிரில் பாதிப்பேர் அப்படித்தான் வந்திருப்பார்கள்.

அன்று தைப்பூசம். சாயங்காலம் ஆபீஸ் முடிந்து அண்ணனோடு மலை மந்திர் போனேன், ஆர்.கே.புரம் செக்டார் ஏழில் 1973-ல் குடமுழுக்கு நடந்த சுவாமிநாத சுவாமி கோயில், வசந்த் விகார் மெட்ரோவிலிருந்து நடக்கிற தூரம். சன்னதி முகப்பில் யாமிருக்க பயமேன் என்று பெரிய எழுத்தில் இருக்கும். பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும், அறை காலி, பாத்திரம் விற்பனை, மாவு கிடைக்கும் இடம் என்று எல்லாத் தகவலும் அந்தப் படிக்கட்டில் கிடைத்துவிடும். பக்கத்திலேயே செக்டார் ஐந்தில் டெல்லித் தமிழ்ச் சங்கம், 1946-ல் தொடங்கியது, நூலகம் இருக்கிறது. முருங்கைக்காய், சின்ன வெங்காயம், வாழையிலைக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட். முதல் வாரத்தில் இவற்றுக்கு அவசரமில்லை.

பேப்பர் சொருகிய அக்காவை அப்புறம் பார்க்கவில்லை. ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரம் மதராசி கேம்ப் என்று தமிழர் குடிசைகள் இருந்தன, அங்கேதான் வீடு என்று சொல்லியிருந்தார். 2025 ஜூன் 1 அன்று கோர்ட்டு உத்தரவின்படி அதை இடித்துவிட்டார்கள். தகுதி உண்டு என்று எடுத்தவர்களுக்கு ஊரின் வடகோடியில் நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள், அங்கிருந்து ஜங்புராவுக்கு வீட்டுவேலைக்கு வருவதென்றால் போகவர அரை நாள் போய்விடும். அவர் பெயர் அந்தப் பட்டியலில் இருந்ததா என்று கேட்க என்னிடம் போன் நம்பர்கூட இல்லை. ரயிலில் வாங்கத் தோன்றவில்லை.

புரோக்கரை மட்டும் அடிக்கடி பார்க்கிறேன். அதே டீக்கடை, அதே ஜெர்கின். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. போன மாதம் ஊரிலிருந்து வந்த தம்பி ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு பெட்டியும் கையுமாக அந்தப் பக்கம் போனபோது, கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து கேட்டார்: "ரூம் சாஹியே, பையா?"